தாமஸ் கிரகாம்: உலோகச் சுவரில் வாசல் கண்டவர்

துத்தநாகத் துண்டுகளின் மேல் நீர்த்த அமிலத்தை ஊற்றி, பொங்கிவரும் ஹைட்ரஜன் வாயுவைச் சோதனைக் குழாயில் பிடித்து, எரியும் குச்சியை அதன் வாயருகே கொண்டுபோகும்போது பட்டென்று ஓர் ஓசை எழும். அந்த ஓசையைக் கேட்டு மகிழாத மாணவி யார்தான் இருப்பாள்? ஓசை கேட்டது, பதிவேட்டில் எழுதியாயிற்று, ஆசிரியையிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று என்று நாம் ஆய்வுக்கூடத்தை விட்டு வந்துவிடுகிறோம். ஆனால் அந்த மெல்லிய வாயு எதை எதைக் கடந்து செல்லும், எப்படிக் கடந்து செல்லும் என்று ஓயாமல் கேட்டு, தம் வாழ்நாளையே அக்கேள்விக்குக் கொடுத்த ஒருவர் இருந்தார். அவரே தாமஸ் கிரகாம்.

கிரகாம் விதி என்று பாடப்புத்தகத்தில் அவர் பெயரை நாம் படிக்கிறோம். தேர்வுக்காக மனப்பாடமும் செய்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மகனும், மனம் வருந்திய ஒரு தந்தையும், பக்கத்துணையாய் நின்ற ஒரு தாயும் இருந்ததை நாம் அறிவதில்லை. அவருடைய வாழ்வைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தந்தையின் கனவு

ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் 1805ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தாமஸ் கிரகாம் பிறந்தார். கிளைடு ஆற்றங்கரையில் அமைந்த அந்நகரம் அக்காலத்தில் நெசவாலைகளால் செழித்து வளர்ந்துகொண்டிருந்தது. தந்தை ஜேம்ஸ் கிரகாம் ஜவுளி உற்பத்தியாளர், வசதியானவர், இறைப்பற்று உள்ளவர். தம் மகன் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகராக வேண்டும், மேடையேறி இறைவார்த்தையை எடுத்துரைக்க வேண்டும் என்பதே அவருடைய கனவு.

இக்கனவை நாம் குறைவாக எண்ணிவிடக் கூடாது. நம் கத்தோலிக்க இல்லங்களிலும் ஒரு மகன் குருவாக வேண்டும், ஒரு மகள் கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்று முழங்காலில் நின்று வேண்டும் பெற்றோர் எத்தனையோ பேர்! கிரகாமின் குடும்பம் நம் சபையைச் சேர்ந்ததன்று. ஆயினும் அந்தத் தந்தையின் ஆசை நமக்குப் புரியாத ஒன்றல்ல. பெற்ற பிள்ளையை இறைவனுக்குக் கொடுக்க விரும்பிய நல்ல உள்ளம் அது.

1819ஆம் ஆண்டு, பதினான்கு வயதுகூட நிறையாத தாமஸ் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே வேதியியல் கற்பித்தவர் தாமஸ் தாம்சன் என்னும் பேராசிரியர். பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை என்ற டால்டனின் கொள்கையை முதன்முதலில் நூலில் எழுதிப் பரப்பியவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய வகுப்பில் அமர்ந்த சிறுவனின் உள்ளத்தில் ஓர் ஆர்வம் பற்றிக்கொண்டது. இறையியல் படிக்க வந்தவன் வேதியியலையே தன் வழியாகத் தெரிந்துகொண்டான்.

தந்தையின் மனம் கசந்தது. மகனோ தன் முடிவிலிருந்து மாறவில்லை. பின்னர் அவர் எடின்பரோ நகருக்குச் சென்று, தாமஸ் ஹோப் என்னும் பேராசிரியரிடம் தம் வேதியியல் கல்வியைத் தொடர்ந்தார். தண்ணீர் ஏறக்குறைய நான்கு டிகிரி வெப்பத்தில்தான் மிகுந்த அடர்த்தியோடு இருக்கிறது என்று சோதனை வழியே காட்டியவர் இந்த ஹோப். எடின்பரோவில் கையில் காசு குறைவு. வீட்டின் ஆதரவும் குறைவு. அந்நாட்களில் அவருக்கு ஊன்றுகோலாக இருந்தவர்கள் தாயும் உடன்பிறந்த சகோதரியும்தாம். எழுத்து வேலை செய்து முதன்முதலாக ஒரு சிறு தொகை அவர் கைக்கு வந்தபோது, அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. தாய்க்கும் சகோதரிக்கும் அன்பளிப்புகள் வாங்கவே அதனைச் செலவிட்டார். தாம் விரும்பிய வழியில் சென்ற பிள்ளை வீட்டை மறந்துவிடவில்லை என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிளாஸ்கோவுக்குத் திரும்பியபின் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1829இல் உழைப்பாளிகளுக்காக நடந்த தொழிற்கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானார். 1830இல் ஆண்டர்சன் கல்வி நிலையத்தில் வேதியியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்போது தாய் மரணப் படுக்கையில் இருந்தார். மகன் பேராசிரியரானான் என்ற செய்தியைக் கேட்கும் அளவுக்கு அவருக்கு ஆயுள் இருந்தது. தாம் நம்பிய பிள்ளை வீண்போகவில்லை என்ற நிறைவோடு அந்தத் தாய் கண்மூடினார்.

விரிசல் விட்ட கண்ணாடிக் கலம்

கிரகாமின் ஆராய்ச்சி எங்கிருந்து தொடங்கிற்று என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1823ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலர் டோபரைனர் ஹைட்ரஜன் நிரப்பிய ஒரு கண்ணாடிக் கலத்தைத் தண்ணீரின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார். அக்கலத்தில் மெல்லிய விரிசல் ஒன்று இருந்தது. அதன் வழியே ஹைட்ரஜன் வெளியேற, கலத்துக்குள் தண்ணீர் மேலே ஏறியிருந்ததை அவர் கண்டார். வேறு யாராக இருந்தாலும் உடைந்த கலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று வாங்கியிருப்பார்கள். கிரகாமோ அச்செய்தியைப் பற்றிக்கொண்டு, ஹைட்ரஜன் வெளியே போன வேகத்தில் காற்று ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டார்.

இதற்கு விடை காண அவர் கையாண்ட கருவி மிக எளியது. ஒரு கண்ணாடிக் குழாய். அதன் ஒரு முனையை அடைக்கப் பாரிஸ் சாந்தினால் ஆன ஓர் அடைப்பு. அவ்வளவுதான். அந்தச் சாந்தின் நுண்ணிய துளைகள் வழியே ஒவ்வொரு வாயுவும் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று பொறுமையோடு அளந்து பார்த்தார். 1829இல் தொடங்கிய இந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததே நாம் படிக்கும் கிரகாம் விதி. வாயு பரவும் வேகம் அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது அதன் பொருள். ஆக்சிஜன் ஹைட்ரஜனைப்போல் 16 மடங்கு கனமானது. 16இன் வர்க்கமூலம் 4. ஆகவே ஆக்சிஜனைவிட ஹைட்ரஜன் 4 மடங்கு விரைவாகப் பரவும்.

ஆண்டர்சன் கல்வி நிலையத்தில் கிரகாமிடம் படித்தவர்களில் இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் ஜேம்ஸ் யங். பிற்காலத்தில் பாரஃபின் எண்ணெய்த் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டியவர். மற்றொருவர் டேவிட் லிவிங்ஸ்டன். பத்து வயதிலேயே பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, உழைத்த கூலியில் படித்து, மருத்துவராகவும் மறைபரப்புப் பணியாளராகவும் ஆப்பிரிக்கா சென்றவர். போதகராகச் சென்றிருக்க வேண்டிய கிரகாம் மேடையேறவில்லை. ஆனால் அவரிடம் வேதியியல் கற்ற மாணவர் ஒருவர் மறைப்பணிக்காகக் கடல் கடந்து சென்றார். இறைவனின் வழிகளை யாரால் அளக்க முடியும்!

லண்டன் வாழ்க்கை

1837ஆம் ஆண்டு லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கிரகாம் பேராசிரியரானார். அவர் சரளமாகப் பேசக்கூடியவர் அல்லர். கூச்ச சுபாவம் உடையவர். வகுப்பில் தயங்கித் தயங்கியே பேசுவார். அப்படியிருந்தும் மாணவர்கள் அவரை மதித்தனர். அவர் சொன்ன ஒவ்வொன்றும் அவர் கையால் செய்து பார்த்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1841இல் லண்டன் வேதியியல் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இவரையே தேர்ந்தெடுத்தனர்.

அரசாங்கமும் அவர் அறிவைப் பயன்படுத்திக்கொண்டது. 1851இல் லண்டன் நகரின் குடிநீரைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை தந்த மூவருள் அவர் ஒருவர். காபித்தூளில் சிக்கரி முதலியவற்றைக் கலந்து விற்பதைக் கண்டுபிடிக்கும் வழிகளையும் 1850களில் அவரும் வேறு இரு வேதியியலரும் ஆராய்ந்து சொன்னார்கள். காபித்தூளில் சிக்கரி கலக்கும் வழக்கம் நம் ஊருக்கு மட்டுமே உரியதன்று என்பதை இதனால் அறிகிறோம்!

1855இல் அவர் லண்டன் அரச நாணயச் சாலையின் தலைவரானார். ஒரு காலத்தில் ஐசக் நியூட்டன் வகித்த பதவி அது. பெயருக்குப் பதவியில் அமர்ந்து சம்பளம் வாங்குவது அவர் இயல்பன்று. ஆராய்ச்சியைச் சில ஆண்டுகள் ஒதுக்கி வைத்துவிட்டு நாணயச் சாலை வேலையில் முழுமையாக ஈடுபட்டார். 1860இல் பிரிட்டனின் செப்புக் காசுகளுக்குப் பதிலாக வெண்கலக் காசுகள் வந்தது அவர் காலத்தில்தான். செம்போடு சிறிதளவு தகரமும் துத்தநாகமும் சேர்ந்த உலோகக்கலவை அது. தனி உலோகத்தைவிட அதன் கலவை நெடுநாள் உழைக்கும் என்ற இந்த உண்மையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

1861இல் மீண்டும் ஆராய்ச்சிக்கு வந்தார். இம்முறை அவர் எடுத்துக்கொண்ட தடுப்பு பார்ச்மென்ட் தாள். ஒரு வளையத்தின் அடியில் அத்தாளைப் பறைபோல் இழுத்துக் கட்டி, அதற்குள் கரைசலை ஊற்றி, தண்ணீரில் மிதக்கவிட்டார். சர்க்கரையும் உப்பும் தாளைக் கடந்து தண்ணீரில் இறங்கின. பசை, கூழ் போன்றவை உள்ளேயே தங்கிவிட்டன. தங்கியவற்றுக்குக் கூழ்மங்கள் என்றும், இப்படிப் பிரிக்கும் முறைக்கு டயாலிசிஸ் என்றும் பெயரிட்டார். சிறுநீரிலிருந்து யூரியாவை இம்முறையால் பிரித்தும் காட்டினார். 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் செயற்கைச் சிறுநீரகக் கருவியை அமைத்தபோது அதற்கு அடிப்படையாக இருந்தது இந்தக் கொள்கையே. இன்று சிறுநீரகம் பழுதுபட்ட நோயாளிகள் டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகிறார்கள் என்று கேட்கும்போதெல்லாம் கிரகாம் சூட்டிய பெயரையே நாம் கேட்கிறோம். 1862இல் ராயல் சொசைட்டி தனது மிக உயர்ந்த விருதாகிய காப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்துச் சிறப்பித்தது.

உலோகத்தினுள் நுழைந்த வாயு

சாந்து, தாள், ரப்பர் என்று ஒவ்வொரு தடுப்பாகச் சோதித்து வந்த கிரகாம், கடைசியில் உலோகத்திடம் வந்தார். காய்ச்சிய பிளாட்டினத்தின் ஊடே ஹைட்ரஜன் செல்லும் என்று 1863இல் பிரான்ஸ் நாட்டில் செயின்ட் கிளேர் டெவில், ட்ரூஸ்ட் என்னும் இருவர் கண்டிருந்தனர். கிரகாம் அதைத் தொடர்ந்து பல உலோகங்களைச் சோதித்து, 1866இல் பல்லேடியத்தைப் பற்றி எழுதினார். பல்லேடியம் பிளாட்டினத்தின் இனத்தைச் சேர்ந்த வெண்ணிற உலோகம். 1802இல் வுல்லஸ்டன் என்னும் ஆங்கிலேயர் கண்டுபிடித்தது.

பல்லேடியத் தகடு தன் பருமனைப்போல் 600 மடங்குக்கும் மேலான ஹைட்ரஜனை உட்கொண்டது. மின்னாற்பகுப்பு முறையில் ஹைட்ரஜனை ஏற்றியபோது 900 மடங்குக்கும் மேல் சென்றது. ஒரு சிறிய தீப்பெட்டி அளவுள்ள உலோகம் 900 தீப்பெட்டி அளவுள்ள வாயுவை உள்ளே வைத்துக்கொள்ளும் என்றால் நம்ப முடிகிறதா? அதோடு, சூடாக்கிய பல்லேடியத்தின் ஒரு புறத்தில் ஹைட்ரஜனை வைத்தால் அது உலோகத்தைக் கடந்து மறுபுறம் வெளிவந்தது. மற்ற வாயுக்கள் அப்புறமே நின்றுவிட்டன.

இதை விளக்க உலோகத்தில் துளைகள் இருக்கின்றன என்று சொன்னால் போதாது என்று கிரகாம் கண்டார். வாயு உலோகத்தால் உட்கொள்ளப்படுகிறது, உலோகத்தோடு கலந்துபோகிறது என்பதே அவர் முடிவு. பிற்கால அறிவியல் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறு என்பது கைகோத்து நிற்கும் இரண்டு அணுக்கள். பல்லேடியத்தின் மேற்பரப்பைத் தொட்டவுடன் அவை கைவிட்டுப் பிரிகின்றன. தனித்தனி அணுக்களாக, உலோக அணுக்களுக்கு இடையே உள்ள சந்துகளில் இடம் மாறி இடம் மாறி நகர்ந்து செல்கின்றன. மறுபுறத்தை அடைந்ததும் மீண்டும் கைகோத்து வெளியேறுகின்றன. ஆக்சிஜனோ நைட்ரஜனோ இவ்வாறு கடந்து செல்ல இயலாது.

இன்னொன்றையும் கிரகாம் கண்டார். பல்லேடியத்தினுள்ளிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் சாதாரண ஹைட்ரஜனைப்போல் சும்மா இருப்பதில்லை. இருட்டிலேயே அது குளோரினோடும் அயோடினோடும் கூடியது. இரும்பின் ஃபெரிக் உப்பை ஃபெரஸ் உப்பாக மாற்றியது. உலோகம் ஹைட்ரஜனைத் தாங்கி நிற்பதோடு, அதனைப் பிற பொருள்களுக்குச் சுறுசுறுப்போடு கொடுக்கவும் செய்கிறது என்பதற்கு இவை முதற்சான்றுகளுள் அடங்கும். ஹைட்ரஜனும் ஓர் உலோகத்தின் ஆவியே என்று கருதிய கிரகாம், பல்லேடியத்தினுள் இருக்கும் நிலையில் அதற்கு ஹைட்ரஜனியம் என்று பெயரிட்டார். இந்தக் கருத்து நிலைக்கவில்லை. ஆனால் அவர் செய்த அளவீடுகள் நிலைத்தன. நாணயச் சாலைத் தலைவர் அல்லவா? 1869இல் ஹைட்ரஜன் ஏற்றிய பல்லேடியத்தால் சிறு பதக்கங்கள் அடித்து நண்பர்களுக்கு அளித்தார். ஒரு வாயு பாதி வீடாகக் குடியிருக்கும் பதக்கத்தை உலகம் அதற்குமுன் கண்டதில்லை.

அதே ஆண்டில் பல்லேடியத்தோடு வெள்ளி, பொன், பிளாட்டினம் ஆகியவற்றைக் கலந்து, அக்கலவைகளும் ஹைட்ரஜனை ஏற்பதைச் சோதித்தார். உடல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. 1869 செப்டம்பரில், தம் 63ஆம் வயதில், லண்டனில் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. உடல் கிளாஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அந்நகரப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மேடையில் நின்று போதிக்க வேண்டும் என்று தந்தை விரும்பிய மகன், சொந்த ஊரின் பேராலயத்து நிழலில் இளைப்பாறுகிறார். 1872இல் பழைய மாணவர் ஜேம்ஸ் யங், தம் ஆசிரியருக்கு ஒரு சிலை செய்வித்துக் கிளாஸ்கோ நகருக்கு வழங்கினார்.

விதை மரமான கதை

கிரகாம் விட்டுச்சென்ற பல்லேடியத் தகட்டுக்கு ஒரு குறை இருந்தது. ஹைட்ரஜன் ஏறும்போது உலோகம் விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. கம்பி நீள்வதையும், பின்னர் முன்பிருந்ததைவிடக் குறுகுவதையும் கிரகாமே அளந்திருந்தார். இவ்வாறு பலமுறை ஏறி இறங்கினால் தனிப் பல்லேடியம் நெளிந்து, வெடித்துப்போகும். வெடித்த தகட்டில் எல்லா வாயுக்களும் புகுந்துவிடும். பின் அது சல்லடைக்குச் சமம்.

இதற்குப் பரிகாரம் உலோகக்கலவையில் கிடைத்தது. 100 பங்கில் ஏறக்குறைய 23 முதல் 25 பங்கு வெள்ளியைச் சேர்த்தால், தகடு எளிதில் வெடிப்பதில்லை. ஹைட்ரஜனும் தனிப் பல்லேடியத்தில் செல்வதைவிட அதிகமாகவே செல்கிறது. மிகத் தூய ஹைட்ரஜன் வேண்டியிருக்கும் மின்னணுத் தொழிற்சாலைகளில் இத்தகைய கலவைச் சவ்வுகள் பயன்படுகின்றன. சவ்வு என்றவுடன் தோலை எண்ண வேண்டாம்; மெல்லிய உலோகத் தகட்டையும் குழாயையுமே அறிவியலார் இப்பெயரால் அழைக்கிறார்கள்.

சுவராக நின்ற உலோகத்தை வினையூக்கியாகவும் வேலை வாங்கலாம் என்று காட்டியவர்களுள் முன்னின்றவர் மாஸ்கோவைச் சேர்ந்த விளாதிமிர் கிரியாஸ்னோவ். 1960களில் அவரும் அவருடைய தோழர்களும் இதனைத் தொடங்கினார்கள். வினையூக்கி என்பது, தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருள் என்று நாம் படித்திருக்கிறோம். வழக்கமான முறையில் உலோகப் பொடியைக் கரைசலில் போட்டு, ஹைட்ரஜனைக் குமிழியாகச் செலுத்துவார்கள். வினை முடிந்தபின் பொடியை வடிகட்டி எடுக்க வேண்டும். சவ்வு முறையிலோ சுவரே வினையூக்கி. ஒரு புறத்திலிருந்து ஹைட்ரஜன் அணுக்களாக ஊறி, மறுபுறத்தில் காத்திருக்கும் பொருளிடம் அளவோடு வந்து சேருகிறது. வடிகட்டும் வேலை இல்லை. ஹைட்ரஜன் அளவுக்கு மிஞ்சிப் பொருளைக் கெடுப்பதும் குறைகிறது.

இதைவிட அழகான ஏற்பாடு ஒன்றும் உண்டு. சுவரின் ஒரு புறத்தில் ஹைட்ரஜனை இழக்க வேண்டிய பொருளை வைக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, சைக்ளோஹெக்சேன் ஹைட்ரஜனை இழந்தால் பென்சீன் ஆகும். மறுபுறத்தில் ஹைட்ரஜனைப் பெற வேண்டிய வேறொரு பொருளை வைக்கிறார்கள். முதற்பொருள் இழந்தது சுவரைக் கடந்து இரண்டாம் பொருளுக்குப் போய்ச் சேருகிறது. வெளிப்பட்ட ஹைட்ரஜன் அவ்வப்போது விலகிவிடுவதால், லே சாட்லியர் தத்துவப்படி, முதல் வினை நடுவழியில் நின்றுவிடாமல் முன்னேறுகிறது. அதற்கு வெப்பம் தேவை. மறுபுறத்து வினையோ வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பமும் சுவர் வழியே வந்து உதவுகிறது. ஒரு வீட்டில் மிஞ்சியது அடுத்த வீட்டுக்குக் குறைவை நிரப்ப, அந்த வீட்டு அடுப்பின் சூடு இந்த வீட்டுக்குப் பயன்படுவதுபோல் இது நடக்கிறது.

இரத்தம் உறைவதற்கு உதவும் வைட்டமின் கே இனத்தைச் சேர்ந்த கே4 என்பதை, பல படிகளில் செய்துவந்த நிலை மாறி, பல்லேடியமும் நிக்கலும் கலந்த சவ்வின் உதவியால் ஒரே படியில் செய்து காட்டினார்கள். பல பூக்களின் மணத்தில் உள்ள லினாலூல் என்னும் பொருளைத் தயாரிக்கவும் பல்லேடியமும் ருதேனியமும் கலந்த சவ்வைப் பயன்படுத்தினார்கள். நம் மல்லிகையின் மணத்திலும் இந்தப் பொருள் உண்டு.

குறைகளும் இல்லாமல் இல்லை. பல்லேடியம் விலை மிகுந்தது. கந்தகச் சேர்மங்கள் பட்டால் அதன் ஆற்றல் கெட்டுவிடும். எனவே துளையுள்ள பீங்கான் குழாய்களின் மேல் மிக மெல்லிய பூச்சாகக் கலவையைப் படியவைக்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன. கிரகாம் தொடங்கிய வேலை முடிந்துவிடவில்லை. அதைச் செய்து முடிக்கும் கைகளில் நம் பள்ளி மாணவியின் கையும் ஒன்றாக இருக்கக் கூடாதா?

நாம் கற்பது

கிரகாமின் வாழ்வை எண்ணும்போது அந்தத் தந்தையின் நினைவே நமக்கு அடிக்கடி வருகிறது. அவர் கேட்டது தீயதன்று. மகன் தேர்ந்ததும் தீயதன்று. இறைவன் ஒருவரைத் திருப்பீடத்துக்கு அழைக்கிறார்; மற்றொருவரை நோயாளியின் கட்டிலுக்கும், வேறொருவரை ஆய்வுக்கூடத்து மேசைக்கும் அழைக்கிறார். தாலந்துகளைக் கொடுத்தவர் அவரே. கணக்குக் கேட்பவரும் அவரே. கிரகாம் தாம் பெற்றதைப் புதைத்து வைக்கவில்லை.

அன்புள்ள பெற்றோரே, பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் இன்னது படி, இன்னது படிக்காதே என்று நம் வீடுகளில் எழும் பேச்சை நாம் எல்லோரும் அறிவோம். உங்கள் ஆசை அன்பிலிருந்தே பிறக்கிறது. ஆயினும் பிள்ளையின் உள்ளத்தில் இறைவன் எதை விதைத்திருக்கிறார் என்று, கிரகாமின் தாயைப்போல், சற்றே பொறுத்துப் பாருங்கள்.

அன்பு மாணவியரே, பெற்றோரின் விருப்பத்திலிருந்து வேறுபட நேர்ந்தால், அவர்களை வெறுத்து விலகிச் செல்வது கிரகாமின் வழியன்று. முதல் வருவாயை வீட்டுக்கு அன்பளிப்பாக்கினாரே, அதுதான் அவர் வழி. நாம் தெரிந்துகொண்ட பாதை சரியானதென்று சொல்ல வேண்டியது நம் வாய் அன்று, நம் உழைப்பு. நாற்பது ஆண்டுகள் ஒரே கேள்வியை விடாமல் பற்றிக்கொள்ளும் பொறுமை இருந்தால்தான் அந்த உழைப்பு பேசும்.

அடுத்த முறை சோதனைக் குழாயில் அந்தப் பட்டென்ற ஓசை எழும்போது, ஒரு கணம் தாமஸ் கிரகாமை நினைத்துக்கொள்வோம். நமக்குள் இறைவன் வைத்திருக்கும் கேள்வி எது என்றும் அவரிடமே கேட்போம்.